பிரசன்ட் பெர்ஃபெக்டில் ஃப்ரேசல் வெர்ப்: அன்றாடப் பேச்சில் பயன்படுத்தும் முறை

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குச் செல்பவர் ஏறிய பேருந்து கிருமாம்பாக்கத்தருகே பழுதாகி நின்றுவிட்டால், தமிழ் தெரியாத மேலாளரிடம் அவர் தொலைபேசியில் சொல்ல வேண்டியது "தி பஸ் ஹேஸ் புரோக்கன் டவுன்" என்பதாகும். இந்தச் சிறிய வாக்கியத்தில், நடந்து முடிந்ததை இப்போதைய நிலையோடு இணைத்துச் சொல்லும் வினைக்காலமான பிரசன்ட் பெர்ஃபெக்டும் இருக்கிறது, வினையும் துணைச்சொல்லும் சேர்ந்து ஒரு பொருள் தரும் ஃப்ரேசல் வெர்பும் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியே மனப்பாடம் செய்வதைவிட, இப்படி ஒரே வாக்கியத்தில் சேர்த்துப் பழகுவதே விரைவில் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

அமைப்பு எளிது. எழுவாய்க்கு ஏற்ப ஹேவ் அல்லது ஹேஸ், அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம், அதன்பின் டவுன், அவுட், ஆஃப் போன்ற துணைச்சொல். மாறுவது வினை மட்டுமே. துணைச்சொல் எந்தக் காலத்திலும் மாறாது. ஆகவே கிவ் அப் என்பது "கிவன் அப்" என்றும், டேக் ஆஃப் என்பது "டேக்கன் ஆஃப்" என்றும் ஆகும். ரன் என்பதன் மூன்றாம் வடிவமும் ரன் என்பதால், விடுதியில் பால் தீர்ந்துபோனதை விருந்தினரிடம் சொல்லும் ஊழியர் "வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்" என்றே சொல்ல வேண்டும். இங்கே "ரேன்" என்பது பிழை.

நம்மவர் பெரிதும் தடுமாறும் இடம் காலச்சொல்தான். "தேர்வை நேற்றே தள்ளிவைத்துவிட்டார்கள்" என்று தமிழில் தயக்கமின்றிச் சொல்கிறோம்; ஆனால் அதே நினைவோடு "தே ஹேவ் புட் ஆஃப் தி எக்ஸாம் எஸ்டர்டே" என்று சொன்னால் ஆங்கிலத்தில் அது தவறாகிவிடுகிறது, ஏனெனில் முடிந்துபோன ஒரு நேரத்தைக் குறிப்பிட்டவுடன் பிரசன்ட் பெர்ஃபெக்டுக்கு அங்கே இடமில்லை. "எஸ்டர்டே" என்பதை விட்டுவிடலாம். அது வேண்டுமென்றால் ஹேவ் இல்லாமல் "தே புட் ஆஃப் தி எக்ஸாம் எஸ்டர்டே" என்று சொல்லலாம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் முந்திரி, பலா மரங்களைச் சாய்த்ததைச் சொல்லும்போது, ஆண்டு வந்துவிடுவதால், "தி சைக்ளோன் ப்ளூ டவுன் மெனி ட்ரீஸ் இன் 2011" என்பதே சரி. இன்று வீசிய காற்றில் மரம் விழுந்து இன்னும் தெருவை மறித்துக் கிடக்கிறது என்றால், அதன் விளைவு கண்முன் இருப்பதால், "தி விண்ட் ஹேஸ் ப்ளோன் டவுன் எ ட்ரீ" என்று சொல்ல வேண்டும். எப்போது என்று கேட்கும் கேள்விக்கும் இதுவே விதி: "வென் ஹேஸ்" என்று தொடங்காமல் "வென் டிட்" என்று தொடங்குங்கள்.

ஜஸ்ட், ஆல்ரெடி ஆகிய சொற்கள் ஹேவ் என்பதற்கும் வினைக்கும் நடுவில் வரும்; யெட் பெரும்பாலும் இறுதியில் வரும். வங்கியில் "ஹேவ் யூ ஃபில்ட் இன் தி ஃபார்ம் யெட்?" என்று கேட்டால், "ஐ ஹேவ் ஆல்ரெடி ஃபில்ட் இட் இன்" என்று விடை சொல்லலாம். இந்த விடையில் இட் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். படிவம் என்ற பெயர்ச்சொல்லை இன் என்பதற்கு முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம். ஆனால் இட், தெம் போன்ற பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்க வேண்டும், "ஃபில்ட் இன் இட்" என்று சொல்லக் கூடாது.

லுக் ஆஃப்டர், ரன் அவுட் ஆஃப் போன்றவை இப்படிப் பிரியா. மேலும், "மே மாதத்திலிருந்து பாட்டியை அவள் பார்த்துக்கொள்கிறாள்" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் "ஷீ ஹேஸ் லுக்ட் ஆஃப்டர் ஹெர் கிராண்ட்மதர் சின்ஸ் மே" என்று சொல்லும். தொடங்கிய நேரத்தைச் சொன்னால் சின்ஸ், "ஃபார் டூ மந்த்ஸ்" என்பதுபோல் நீடித்த அளவைச் சொன்னால் ஃபார்.