டைல்ஸ் நீங்களே ஒட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் முதன்முதலாக ஒட்டிய தரையில் ஒரு டைல் சில மாதங்களிலேயே குறுக்காக விரிசல் விட்டது. பெயர்த்துப் புரட்டிப் பார்த்தேன். நாலு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து பசைத் திட்டுகள், மற்ற இடமெல்லாம் வெறும் காற்று. நடந்த பாரம் அத்தனையும் அந்தப் பொள்ளலின் மேல் இறங்கியிருக்கிறது. அதனால் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்: பசையைத் திட்டுத் திட்டாக வைக்காதீர்கள்.

பல் வெட்டிய பூச்சுக் கரண்டியின் தட்டையான பக்கத்தால் பசையைத் தரையில் அழுத்தித் தேய்த்துவிட்டு, அப்புறம் பல் உள்ள பக்கத்தால் ஒரே திசையில் நேர்கோடாக இழுங்கள். வளைத்து வளைத்து இழுத்தால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். டைலை வைத்ததும் கோடுகளுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் அசைத்து அழுத்தினால் வரிகள் மடிந்து ஒன்றாகும். பத்துப் பன்னிரண்டு டைலுக்கு ஒன்றை உடனே தூக்கிப் பாருங்கள். சாதாரண அறையில் பின்பக்கத்தில் 80 சதவீதமாவது பசை பிடித்திருக்க வேண்டும். குளியலறையில் 95 சதவீதம். பெரிய டைல் என்றால் அதன் முதுகிலும் மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள்.

ஆர்வத்தில் அறை முழுக்கப் பசையைப் பரப்பிவிடுவதும் நடக்கும். மேலே ஆடை கட்டிவிட்டால் அது ஒட்டாது. விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் பசை வரவில்லையா, சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். வாளியில் இறுகிய பசைக்குத் தண்ணீர் ஊற்றி உயிர் கொடுக்கப் பார்க்காதீர்கள், அதன் பிடிமானம் போய்விடும். சிமெண்ட் கலவையில் பதிக்கிறவர்கள் டைலை ஊறவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பசையில் ஒட்டும்போது அது வேண்டாம், பின்பக்கத் தூசியைத் துடைத்தால் போதும்.

தரை மேடு பள்ளமாக இருந்தால் பசையைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. தடிமனாகப் போட்ட இடத்தில் பசை காயும்போது சுருங்கி டைலைக் கீழே இழுக்கும். நீளமான மட்டப்பலகையை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கமாவது 38 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கும் டைலுக்கு, 3 மீட்டர் நீளத்தில் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது. சிறியதற்கு 6 மி.மீ. வரை தாங்கும். குளியலறையில் வடிகாலை நோக்கி மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டமும் வேண்டும். தண்ணீர் கசியாமல் தடுப்பது டைலோ, டைல் இடுக்குகளில் நிரப்பும் கிரவுட்டோ இல்லை. அடியில் பூசும் நீர்த்தடுப்புப் பூச்சுதான். அதை விட்டுவிட்டால் பிறகு சேர்க்க வழியே இல்லை.

சுவரை நம்பி ஒட்ட ஆரம்பிக்காதீர்கள், எந்தச் சுவரும் நேராக இருக்காது. நடுவில் குறுக்கும் நெடுக்குமாக நூல் பிடியுங்கள். ஒரு கோட்டில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, இரண்டு புள்ளிக்கும் இடையே சரியாக 5 அடி வந்தால் மூலை சரி. பசை இல்லாமல் ஒரு வரிசை அடுக்கிப் பாருங்கள். ஓரத்தில் இரண்டு விரல் அகலத் துண்டு விழுந்தால் மொத்தத்தையும் அரை டைல் நகர்த்துங்கள், கண்ணை உறுத்தாது.

சுவரோரம் இடைவெளி விடாமல் நெருக்கி ஒட்டினால், வெயிலிலும் ஈரத்திலும் தரை விரிய இடமில்லாமல் டைல்கள் கூடாரம் போல எழும்பிவிடும். 6 மி.மீ. விட்டால் போதும், ஓரப்பட்டை அதை மறைத்துவிடும். சுவரும் தரையும் சேரும் மூலைகளில் கிரவுட் போடாமல் சிலிகான் அடியுங்கள்.

டைல் வெட்டும்போது கிளம்பும் தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் விட்டு வெட்டுங்கள். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம்.

டைல் ஒட்டியபின் கிரவுட் போட 24 மணி நேரமாவது பொறுங்கள். அதைத் தண்ணீராகக் கரைத்தாலோ, சொட்டச் சொட்ட ஸ்பாஞ்சால் துடைத்தாலோ நிறம் திட்டுத்திட்டாகும், பொடியாக உதிரும். டைல் வாங்கும்போதே பெட்டிகளில் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்த்து 10 சதவீதம் கூடுதலாக வாங்கி, மிச்சத்தைப் பத்திரப்படுத்துங்கள். நான் அந்த விரிசல் விட்ட டைலை மாற்றியது அப்படி மிஞ்சிய ஒன்றை வைத்துத்தான்.