உளவியல் போஸ்ட்டாக்: சரி சொல்வதற்கு முன்

இந்தப் பருவத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் பேசினார்கள். மூவரும் அமெரிக்காவில் உளவியல் முனைவர் பட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள். மூவர் கையிலும் போஸ்ட்டாக் வாய்ப்பு, அதாவது பட்டம் முடித்ததும் ஓரிரு வருடம் செய்யும் பயிற்சி வேலை. மூவரும் நான் விழுந்த அதே குழியை நோக்கி உற்சாகமாக நடந்துகொண்டிருந்தார்கள். விண்ணப்பத்தில் எழுத்துப்பிழை, நேர்காணலுக்குத் தாமதம் பற்றியெல்லாம் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் மற்றதைச் சொல்கிறேன்.

"எல்லாரும் செய்கிறார்களே"

எல்லாரும் போஸ்ட்டாக் செய்வதில்லை. மூளைக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கும் நரம்பு உளவியல் என்றால் செய்தே ஆக வேண்டும், பேச்சே இல்லை. அதன் பயிற்சி முறையை வகுத்த 1997 ஹூஸ்டன் மாநாட்டிலிருந்து பட்டத்துக்குப் பிந்தைய இரண்டு வருடப் பயிற்சிதான் அந்தத் துறையின் அளவுகோல், தவிர்க்க வழியில்லை. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை வேண்டும் என்றாலும் பெரும்பாலும் தேவைப்படும். ஆனால் பொதுவான சிகிச்சைப் பணிதான் உங்கள் எண்ணம் என்றால், எந்த மாநிலத்தில் இருக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உளவியலாளராகத் தொழில் செய்ய மாநிலம் தரும் லைசென்ஸுக்கு, மேற்பார்வையில் வேலை செய்த மணிநேரங்களைக் கணக்குக் காட்ட வேண்டும். அதில் பட்டத்துக்குப் பிந்தைய மணிநேரம் கட்டாயமாக இருக்க வேண்டியதில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கமே 2006-இல் சொல்லிவிட்டது. வாஷிங்டன், அரிசோனா போன்ற மாநிலங்களில் பட்டத்துக்கு முன் சேர்த்த மணிநேரங்களை வைத்தே தேறிவிடலாம். கலிஃபோர்னியாவில் முடியாது. அங்கே மொத்தம் 3,000 மணிநேரம், அதில் குறைந்தது 1,500 பட்டத்துக்குப் பிறகு.

கையெழுத்து போடப்போவது யார்?

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. நான் இரண்டு வருடம் ஒரு மனச்சோர்வு சிகிச்சை ஆய்வில் போஸ்ட்டாக். வாரம் பத்துப் பேரையாவது உட்காரவைத்து நோயறியும் நேர்காணல் செய்வேன். தற்கொலை எண்ணம் இருப்பதாகச் சொன்னவர்களுடன் இரவு ஏழு, எட்டு வரை இருந்திருக்கிறேன். இதெல்லாம் லைசென்ஸ் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

பிறகு கலிஃபோர்னியாவுக்கு மாறி, லைசென்ஸ் படிவத்தை எடுத்து வைத்தேன். அதில் ஒரு கட்டம்: முதன்மை மேற்பார்வையாளரின் லைசென்ஸ் எண். என் பேராசிரியர் துறையில் பெரிய பெயர், ஆனால் ஆராய்ச்சியாளர். லைசென்ஸ் என்று ஒன்றை அவர் வாங்கியதே இல்லை. வாராவாரம் சந்தித்தோம், உண்மைதான். பேசியதெல்லாம் தரவும் கட்டுரையும். அந்தக் கட்டத்தில் எழுத என்னிடம் எதுவும் இல்லை. கொடுமை என்னவென்றால், அதே குழுவில் லைசென்ஸ் உள்ள ஒருவர் இருந்தார். கேட்டிருந்தால் வாரம் ஒரு மணிநேரம் ஒதுக்கியிருப்பார்.

அப்புறம் என்ன, ஒரு கிளினிக்கில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். வாரத்துக்கு 44 மணிநேரத்துக்கு மேல் கணக்கில் ஏறாது. 1,500-ஐ 44-ஆல் வகுத்தால் 34 வாரம் தாண்டுகிறது. காய்ச்சல், விடுமுறை, வராத நோயாளிகள் எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரு வருடம் போயிற்று, சரிபாதிச் சம்பளத்தில்.

ஆகவே, வேலையை ஏற்கும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள். என் மேற்பார்வையாளருக்கு லைசென்ஸ் இருக்கிறதா? வேலை செய்யும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு மேற்பார்வை கிடைக்குமா, அதில் வாரம் ஒரு மணிநேரமாவது தனியாக, நேருக்கு நேர்? கலிஃபோர்னியாவின் கணக்கு இதுதான். மேற்பார்வை ஒப்பந்தமும் முதல் மணிநேரத்துக்கு முன்பே கையெழுத்தாக வேண்டும். வாராந்திரப் பதிவேட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வீட்டில் வையுங்கள். நான் இதைச் சொன்னதும் அந்த மூவரில் ஒருவர், "என் பேராசிரியர் ரொம்பப் பெரிய ஆள், பிரச்சினை வராது" என்றார். எனக்கு வாயடைத்துப்போயிற்று.

வரி

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஃபெலோஷிப்பில் முதல் ஆண்டுக்கு 2024-இல் 61,008 டாலர் என்று அறிவித்தார்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்களுக்குத்தான் அது. அதைச் சம்பளமாகக் கருதுவதில்லை, அதனால் பெரும்பாலும் வரி பிடிக்காமல் முழுசாகக் கைக்கு வரும். சந்தோஷமாகச் செலவழித்துவிட்டு, ஏப்ரலில் வரிக் கணக்குக் காட்டும்போது விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கொருமுறை நீங்களே கட்ட வேண்டும். இன்னொன்று: முதல் 12 மாத உதவித்தொகைக்கு ஈடாக, அதே அளவு மாதங்கள் ஆராய்ச்சியோ கற்பித்தலோ செய்தாக வேண்டும். இரண்டாம் வருடமும் அதிலேயே தொடர்ந்தால் கழிந்துவிடும். ஒரே வருடத்தில் தனியார் கிளினிக்குக்கு ஓடிவிடலாம் என்றிருந்தால் அந்தக் கடன் நிற்கும்.

"இன்னும் ஒரு வருடம் இருந்து பார்க்கிறேன்"

எதற்கு என்று ஒரு வரியில் எழுத முடிந்தால் இருங்கள்.

ஜே-1 விசா

வெளிநாட்டிலிருந்து இந்த விசாவில் ஆராய்ச்சிக்கு வருபவர்களில் சிலருக்கு இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்துவிட்டு வர வேண்டிய நிபந்தனை உண்டு. கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

தேர்வைத் தள்ளிப்போடுவது

லைசென்ஸ் தேர்வில் 225 கேள்விகள். அவற்றில் 50 மதிப்பெண்ணில் சேராது, ஆனால் எவை என்று சொல்லமாட்டார்கள். பல மாநிலங்களில் மணிநேரம் முடிவதற்கு முன்பே எழுதலாம். நான் எல்லாம் முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். புள்ளியியல் பாடம் அதற்குள் பாதி மறந்துவிட்டது.