மூஞ்சிய பார்க்காதீங்க, வாய பாருங்க: குழந்தைக்கு காய் ருசி பழக்குறது எப்படி

என் பெரியவன் ரெண்டு வயசு வரைக்கும் இட்லின்னாலும் சீனி தோசைன்னாலும் சீனி, பருப்பு சாதத்துக்குக் கூட சீனி கேட்டு அழுவான். தப்பு அவன் மேல இல்ல, 6 மாசத்துல ஆரம்பிச்ச ராகிக் கூழுலயே கருப்பட்டி போட்டு பழக்குனது நாங்கதான், அப்புறம் கீரைய துப்புறான்னு புலம்புனதும் நாங்கதான். சின்னவளுக்கு மாத்தி செஞ்சோம், அதத்தான் எழுதுறேன்.

மொதல்ல ஒன்னு, பொறந்த குழந்தைக்கு இனிப்பு யாரும் சொல்லித் தராமலே பிடிக்கும், கசப்பு பிடிக்காது, அது பொறவியிலயே வர்றது. அதனால இனிப்புக்கு நாம மெனக்கெட வேணாம், காய்க்குத்தான் மெனக்கெடணும்.

இந்த வேல சோறு ஊட்டுறப்ப தொடங்குறதும் இல்ல. அம்மா சாப்பிடுற சாப்பாட்டு வாசம் பனிக்குட தண்ணியிலயும் தாய்ப்பால்லயும் போகுது. அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுல இருக்குற மோனெல் மையத்துல ஜூலி மெனெல்லாங்கிறவங்க இத ரொம்ப காலமா ஆராய்ச்சி பண்ணவங்க. 2001ல வந்த அவங்க ஆய்வுல சில அம்மாங்க கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்லயும் சில பேர் பால் கொடுக்குறப்பவும் கேரட் ஜூஸ் குடிச்சாங்க, வெறும் தண்ணி குடிச்ச அம்மாங்களோட குழந்தைங்கள விட இந்த குழந்தைங்க கேரட் கலந்த கூழ அவ்வளவா முகம் சுளிக்காம சாப்பிட்டுச்சாம். 1991லயே பூண்ட வச்சும் பார்த்திருக்காங்க, அம்மா பூண்டு மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரம் வாக்குல பால்ல அந்த வாசம் தூக்கலா இருந்துச்சு, குழந்த வேண்டாம்னு போகாம மார்புல இன்னும் கூட நேரம் இருந்துச்சு. நம்ம வீட்டு பூண்டுக் குழம்பு பத்தியத்த நினைச்சு சிரிச்சுக்கிட்டேன். ஆனா அதே பத்தியம்தான் அந்தக் காய் ஆகாது இந்தக் காய் குளிர்ச்சின்னு பாதிய தள்ளி வைக்குது, டாக்டர் வேணாம்னு சொல்லாத காய் எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க, மாமியார்கிட்ட டாக்டர் சொன்னாங்கன்னே சொல்லிக்கலாம். பவுடர் பால் குடிக்கிற குழந்தைக்கு தெனமும் ஒரே ருசிதான், அதனால அவங்க காய் வகைய இன்னும் அக்கறையா பழக்கணும், அவ்வளவுதான், குற்ற உணர்ச்சியெல்லாம் வேணாம்.

சரி, 6 மாசம் முடிஞ்சுடுச்சு. கேரட், பூசணி, சர்க்கரவள்ளி மூணுமே இனிப்பு, அதையே மாத்தி மாத்தி கொடுத்துட்டு காய் பழக்கிட்டோம்னு நினைச்சுக்காதீங்க. பீர்க்கங்காய், பீன்ஸ், அவரை, சிறுகீரை இதுல ஒன்ன நல்லா வேகவச்சு மசிச்சு தனியா ரெண்டு ஸ்பூன் கொடுங்க, உப்பு சீனி எதுவும் வேணாம், ஆப்பிள்ல கலந்து ஒளிச்சும் வைக்காதீங்க, ஒளிச்சு வச்சா ஆப்பிள் ருசிதான் அதுக்கு பழகும். சொரைக்காய் செஞ்சா மொதல்ல ஒரு துண்ட நீங்க நாக்குல வச்சு பாருங்க, கசந்தா அப்படியே குப்பையில போடுங்க, கசப்பு சொரைக்காய் பெரியவங்களுக்கே விஷம்.

இப்ப முக்கியமான இடம். மொத ஸ்பூனுக்கு குழந்த மூஞ்சிய அஷ்டகோணலா ஆக்கும், பாட்டி உடனே ஐயோ பிள்ளைக்கு பிடிக்கலன்னு கிண்ணத்த வாங்கிடுவாங்க. வாங்க விடாதீங்க. சுளிச்சுட்டு திரும்பவும் வாய தொறக்குதா, அப்ப பிரச்சனையே இல்ல, அடுத்த ஸ்பூன் கொடுங்க. வாய இறுக்க மூடிக்கிட்டு தலைய திருப்புனா அன்னைக்கு அதோட நிறுத்திடணும், அமுக்கி ஊட்டுனா அந்த காய் மேல வெறுப்புதான் வரும். ரெண்டு நாள் கழிச்சு அதே காய். ஜெர்மனியில 7 மாசக் குழந்தைங்ககிட்ட பிடிக்காத ஒரே காய 8 தடவ கொடுத்து பார்த்ததுல பெரும்பாலான குழந்தைங்க பிடிச்ச காய் அளவுக்கே அதையும் சாப்பிட ஆரம்பிச்சுதுங்க. நாமெல்லாம் மூணாவது தடவையிலயே விட்டுடுறோம். நான் காலண்டர்ல கோடு போட்டு எண்ணுனேன், இல்லன்னா எத்தனையாவது தடவன்னு சத்தியமா மறந்துடும்.

சேனை வைக்கிறோம்னு தேன் தடவுறதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க, ஒரு வயசுக்கு முன்னாடி தேன் கூடவே கூடாது, போட்டுலிசம்ங்கிற நோய் வர வாய்ப்பு இருக்கு.

எல்லாத்தையும் மிக்சியில நைசா அடிச்சுக்கிட்டே இருக்காதீங்க, 8, 9 மாசத்துல கரண்டியால மசிச்சு கட்டி கட்டியா கொடுத்து பழக்குங்க. முழு நிலக்கடலை, முழு திராட்சை கிட்டயே வரக்கூடாது, தொண்டையில அடைச்சுக்கும்.

ரெண்டு வயசு வாக்குல நேத்து வரைக்கும் சாப்பிட்ட காயவே திடீர்னு வேண்டாம்னு தள்ளும், அது அந்த வயசோட குணம், நீங்க ஏதும் தப்பு பண்ணல. தட்டுல ஒரு ஓரமா வச்சுட்டு நீங்க அதையே பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க, "இத சாப்பிட்டா சாக்லேட்" பேரம் மட்டும் வேணாம்.

எங்க சின்னவ பீர்க்கங்காய், அவரை, கீரை எல்லாம் உள்ள தள்ளுவா. கத்திரிக்காய்க்கு மட்டும் காலண்டர்ல 14 கோடு போட்டாச்சு, இன்னும் துப்புறா, அவங்க அப்பாவும் கத்திரிக்காய ஓரமாத்தான் ஒதுக்குறார், மொதல்ல அவர பழக்கணும்.