பள்ளிபாளையம் சிக்கனில் இரண்டு மேசைக்கரண்டி ரம்

ரம் கரும்பின் பிள்ளை. சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸைப் புளிக்கவைத்து வடிப்பதுதான் அது. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை மூட்டையைப் பிரித்ததும் எழும் மணத்தின் சாயல் அதில் உண்டு. தேங்காயும் வரமிளகாயும் மட்டுமே ஆளும் பள்ளிபாளையம் சிக்கனுக்கு அந்த மணம் அழகாகப் பொருந்துகிறது.

மசாலாவின் மணப்பொருள்களில் சில நீரில் கரையும், பல எண்ணெயில் கரையும். ஆல்கஹால் இரண்டோடும் ஒட்டிக்கொள்ளும். சட்டியில் ஒளிந்திருக்கும் மணத்தை அது மூக்குவரை கொண்டுவருகிறது. ஆனால் அளவு முக்கியம். முதன்முறை நான் அரை டம்ளர் ஊற்றினேன்; கறி கசந்து, தொண்டையை எரித்தது. அரைக் கிலோவுக்கு 2 மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி போதும்.

தேவையானவை: எலும்போடு சிறு துண்டுகளாக நறுக்கிய கோழி அரைக் கிலோ, உரித்த சின்ன வெங்காயம் 200 கிராம், விதை நீக்கிய வரமிளகாய் 12, தேங்காய்ச் சில்லு அரைக் கப், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு, நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி, அடர்நிற ரம். ரம் கடையில் வாங்கிய முத்திரையுள்ள பாட்டிலாகவே இருக்கட்டும். கள்ளச்சாராயத்தில் மெத்தனால் இருக்கலாம். கொதித்தால் நஞ்சு போய்விடும் என்று நம்பவே கூடாது.

முதலில் இரும்பு வடைச்சட்டியில் எண்ணெயைக் காயவைத்து, மிளகாயைக் கிள்ளிப் போடுங்கள். அது கருகாமல் பளபளக்கும்போது வெங்காயமும் கறிவேப்பிலையும் சேர்த்து வதக்குங்கள். பிறகு கோழி, மஞ்சள், உப்பு. தண்ணீர் ஊற்ற வேண்டாம். மூடி வைத்தால் கறியே நீர் விடும். அந்த நீர் வற்றும்வரை அவ்வப்போது கிளறுங்கள்.

இனி கவனமாகப் பாருங்கள். நீர் வற்றியதும் சட்டியின் அடியில் பழுப்பாக ஒரு படலம் பிடிக்கும். சுவையெல்லாம் அதில்தான் இருக்கிறது. அது கருகுவதற்கு முன் அடுப்பை அணைத்து, சட்டியைத் தள்ளி வையுங்கள். முன்பே கிண்ணத்தில் அளந்து வைத்த ரம்மை ஊற்றுங்கள். எரியும் அடுப்பின் மேல் பாட்டிலிலிருந்து ஊற்றினால் ஆவி தீப்பிடிக்கும். ரம் சட்டியில் விழுந்ததும் சுர்ரென்று சத்தம் வரும், மூக்கில் சுருக்கென்று ஏறும். மரக்கரண்டியால் அடியைச் சுரண்டினால் படலம் கரைந்து துண்டுகளில் பூசிக்கொள்ளும். அந்த நிறத்தைப் பார்த்தாலே பசிக்கும்.

ஆவி அடங்கியதும் அடுப்பில் ஏற்றி, கால் கப் வெந்நீர் விட்டு, சிறு தீயில் மூடாமல் 15 நிமிடம் வேகவிடுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் தேங்காய்ச் சில்லு. மூக்கைக் குத்தும் வாடை போய், காய்ந்த வெல்லத்தின் மணம் வந்தால் பதம் சரி. குத்தினால் இன்னும் கொஞ்ச நேரம் வேகவிடுங்கள்.

ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிப்பதால் முழுவதும் பறந்துவிடும் என்பார்கள். அது தவறு. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, கலந்து 15 நிமிடம் வெந்தால் ஏறத்தாழ 40 சதவீதம் தங்குகிறது, ஒரு மணி நேரம் வெந்தாலும் 25 சதவீதம். சட்டியில் தீ மூட்டிக் காட்டும் வித்தையில் 75 சதவீதம் அப்படியே நிற்கிறது. ஆகவே குழந்தைகள், கர்ப்பிணிகள், குடியை விட்டவர்கள், மதுவைத் தொடாதவர்கள் இருக்கும் பந்தியில் இதை வைக்காதீர்கள். அவர்களுக்கு ரம் இல்லாமல் செய்யுங்கள். பள்ளிபாளையத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். மற்றவர்களுக்கும் பரிமாறுமுன் சொல்லிவிடுங்கள்.

சூடான சோறு, மிளகு ரசம், ஓரத்தில் இந்தக் கறி. தேங்காய்ச் சில்லை மட்டும் தேடிப் பொறுக்கித் தின்னத் தோன்றும்.