எங்கள் மூக்கு லாரியை விற்ற அனுபவம்

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு அப்பா மாங்காய் ஏற்றிய டாட்டா 1210 மூக்கு லாரியை (எஞ்சின் பகுதி மூக்குப்போல முன்னால் நீண்டிருப்பது) விற்க முனைந்தபோது, வந்தவர்கள் பலரும் இரும்பு எடைக்கே விலை கேட்டார்கள். நாமக்கல்லில் கட்டிய தேக்குப் பலகை பாடியின் அருமை தெரிந்தவர்கள்கூட, வண்டியில் உள்ள எஞ்சின் எண்ணும் ஆர்.சி. (பதிவுச் சான்று) அட்டையில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாததைக் கண்டு பின்வாங்கினார்கள்.

எஞ்சின் மாற்றம் முறையாக அனுமதி பெற்றுப் பழைய ஆர்.சி. புத்தகத்தில் பதிவானதுதான், அட்டையாக மாறியபோது அது விடுபட்டிருந்தது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களை ஆர்.சி.யில் பதிவு செய்யக் கோருவதால், விலையைக் குறைக்காமல் ஆவணத்தைச் சரிசெய்யத் தீர்மானித்தேன். பழைய புத்தகத்தின் அந்தப் பக்கம், எஞ்சின் வாங்கிய ரசீது, பென்சிலால் தேய்த்தெடுத்த சேசிஸ் எண் பிரதி ஆகியவற்றுடன் விண்ணப்பித்து, ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டிய பிறகு அட்டை திருத்தப்பட்டது. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தேவைப்படும் எஃப்.சி.யையும் (தகுதிச் சான்று) புதுப்பித்தேன்.

அதன்பின் பெங்களூரைச் சேர்ந்த, பழைய வண்டிகளைப் பேணும் ஒருவர் பாடிக்கும் சேர்த்து நியாயமான விலை தந்தார்; அந்த மரவேலையை மதித்தவருக்கே வண்டி சென்றதில் எனக்குப் பெரும் நிறைவு. கர்நாடகத்துக்குச் செல்வதால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று பெற்று, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திட்டோம். பெயர் மாறும்வரை விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு பதிவு உரிமையாளருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருப்பதால், புதிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வரும்வரை அவரை விடாமல் கேட்டு வாங்கினேன்.