ஆர்கானிக் கெமிஸ்ட்ரி மெக்கானிசம்: வரைந்து படியுங்கள்

ஒருமுறை படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் மெக்கானிசத்தை, அதாவது வினை படிப்படியாக நடக்கும் விதத்தை, வரையுங்கள். எலக்ட்ரான் நகர்வதைக் காட்டும் அம்புக்குறி, எலக்ட்ரான் இருக்கும் இடத்தில் தொடங்க வேண்டும். புரோட்டானிலிருந்து அம்பு கிளம்பினால் தப்பு. கொடுக்க அதனிடம் எலக்ட்ரானே இல்லை. பிறகு சிவப்பு மையில் திருத்துங்கள். மறுநாள், 3 நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் வெறும் தாள். நோட்ஸை வாசித்துக்கொண்டே இருந்தால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். தேர்வில் கை ஓடாது.

எஸ்என்1, எஸ்என்2 (ஒரு தொகுதி போய் வேறொன்று வரும் பதிலீட்டு வினைகள்), இ1, இ2 (தொகுதி நீங்கி இரட்டைப் பிணைப்பு உருவாகும் நீக்க வினைகள்) கேள்விகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுங்கள். பாடவாரியாகப் போட்டால் விடையைத் தலைப்பே சொல்லிவிடும். மெத்தில் புரோமைடும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் எஸ்என்2. டெர்ஷியரி பியூட்டைல் புரோமைடு நீருடன் என்றால் முக்கியமாக எஸ்என்1: மூன்று மெத்தில் தொகுதிகள் எஸ்என்2-க்குத் தேவையான பின்பக்கத் தாக்குதலை மறிக்கின்றன, எஸ்என்1-இல் இடையே உருவாகும் கார்போகேஷனையும் (நேர்மின் கார்பன் அயனி) நிலைப்படுத்துகின்றன. இதுபோன்ற காரணத்தை ஒவ்வொரு விடைக்கும் ஒரு வரியாவது எழுதுங்கள்.