ஒட்டு மாதுளை வைக்கப் போகிறீர்களா? முதலில் வேரைக் கேளுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மாதுளை வைக்கிறவர்கள் நாற்றுப்பண்ணையில் கேட்கும் முதல் கேள்வி, "பகவா ரகமா, கணேஷ் ரகமா?" என்பதுதான். கீழே இருப்பது எந்த வேர் என்று யாரும் கேட்பதில்லை. நம் நாட்டில் பெரும்பாலும் விண்பதியன் கன்றும் (மரத்துக் கிளையிலேயே வேர்விட வைத்துப் பிரித்தெடுப்பது) ஆய்வகத்தில் உருவாக்கும் திசு வளர்ப்புக் கன்றும்தான் என்பதால் அது பழகிவிட்டது. கீழே வேராக நிற்கும் வேர்ச்செடியின் மேல் வேறு ரகக் கொம்பை ஒட்டி வளர்த்த ஒட்டுக்கன்று என்றால் கட்டாயம் கேட்க வேண்டும்.

முத்தின் சிவப்பு, விதையின் மென்மை, தோலின் நிறம் எல்லாம் பெரும்பாலும் மேலே ஒட்டிய கொம்பின் குணம். எந்த வேர்ச்செடியும் கணேஷைப் பகவா ஆக்காது. ஆனால் தண்ணீர், உப்பு, சத்து மூன்றும் வேர் வழியாகத்தான் ஏறுகின்றன, அதனால் பழத்தின் பருமன், சாறு, இனிப்பு, தோல் வெடிப்பு ஆகியவற்றில் வேருக்கும் பங்கு உண்டு.

நம் சரளைச் செம்மண் ஈரத்தைப் பிடித்து வைக்காது. வேர் மேலாகவே ஓடுகிற மரம் சித்திரை வெயிலில் தவித்துக் கிடக்கும், அப்புறம் ஒரு கோடைமழை கொட்டினால் முத்துகள் சட்டென்று பருக்கும், காய்ந்து இறுகிய தோல் ஈடுகொடுக்க முடியாமல் பிளந்துவிடும். விண்பதியனுக்கு ஆணிவேர் கிடையாது. விதையில் முளைத்த நாட்டுப் புளிப்பு மாதுளை வேர்ச்செடிக்கு உண்டு. சரளை நிலத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். பைக்குள் ஆணிவேர் சுருண்டு கிடந்தால் அந்த லாபமும் போச்சு, ஆகவே ஒரு கன்றின் பையைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரிந்தால் அது வேரைத் தாக்கும் நூற்புழு, அந்தப் பண்ணையில் எதுவும் வாங்காதீர்கள்.

கண்மாய் வண்டல் அடித்த, தண்ணீர் தாராளமான நிலம் என்றால் கணக்கு மாறும். வீரியமான விதை வேர் அங்கே இலையும் குச்சியுமாகத் தள்ளும், காய்ப்பு தள்ளிப்போகும், பழம் பெரிதாக இருந்தாலும் இனிப்பு மட்டாக இருக்கலாம். அங்கே ஒட்டே வேண்டாம், நல்ல தாய்மரத்து விண்பதியன் போதும். போர்வெல் தண்ணீர் உப்பு என்றால் நடுவதற்கு முன்பே மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்துவிடுங்கள். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

நீங்களே ஒட்டுவதானால் மார்கழி, தை நல்ல நேரம். விதைக்கன்று ஒன்றுபோல் ஒன்று இருக்காது, அதனால் நோஞ்சானையும் அளவுக்கு மீறி வளர்ந்ததையும் கழித்துவிட்டு பென்சில் கனத்தில் ஒரே சீராக உள்ளவற்றை எடுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெட்டி, நடுவில் 3 செ.மீ. பிளந்து, அதே கனமுள்ள முற்றிய கொம்பை ஆப்புபோல் சீவிச் செருகி, ஒரு பக்கமாவது பட்டையோடு பட்டை சேரும்படி பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுங்கள். மேலே பாலித்தீன் உறை போட்டு நிழலில் வையுங்கள், துளிர் வந்ததும் உறையைக் கழற்றலாம்.

பலர் கோட்டைவிடுவது இதற்கு அப்புறம்தான். மாதுளை அடியிலிருந்து தூர்க்கன்றுகளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். விண்பதியனில் அதுவும் அதே ரகம், பயமில்லை. ஒட்டு மரத்தில் அது புளிப்பு மாதுளை. விட்டுவைத்தால் மேலே உள்ள பகவாவை அமுக்கிவிட்டு அதுவே மரமாகிவிடும், பழம் புளிக்கிறதே என்று நீங்கள் ரகத்தைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். மண்ணை ஒதுக்கி, தூர்க்கன்று கிளம்பும் இடத்தைப் பார்த்து, இளசாக இருக்கும்போதே கையால் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். கத்தரித்தால் ஒன்று இருந்த இடத்தில் நாலு வரும். நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே நிற்கட்டும்.

வெடிப்புக்கு வேரை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. போரான், சுண்ணாம்புச் சத்துக் குறைந்தாலும் தோல் வெடிக்கும். காய் பருக்கும் மாதங்களில் சொட்டுநீரை விட்டுவிட்டுப் பாய்ச்சாமல் சீராகக் கொடுங்கள், மரத்தடியில் வைக்கோல், சருகு பரப்பி மூடாக்குப் போடுங்கள். முதல் காய்ப்பில் ஒவ்வொரு மரத்திலும் ஒரு பழத்தை அறுத்து, சாற்றின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டரில் பாருங்கள், பகவா நன்றாகப் பழுத்தால் 15-க்கு மேல் காட்ட வேண்டும். பக்கத்து மரங்களெல்லாம் காட்டும்போது ஒன்று மட்டும் தொடர்ந்து குறைவாகக் காட்டினால், வேரிலோ தூர்க்கன்றிலோ கோளாறா என்று அதன் அடித்தூரைத் தோண்டிப் பாருங்கள்.